பன்றிக் காவலுக்கு எந்தத் தோட்டா? 12 போர் துவக்கோடு என் அனுபவம்

நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், மூன்று மாத உழைப்பு கிளறிக் கிடக்கும். பயிர்க்காவலுக்கென்று லைசன்ஸ் எடுத்த, 12 போர் என்கிற குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துவக்கைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். அதற்கு எந்தத் தோட்டா நல்லது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இது பன்றிக்கு மட்டும். மரையும் புள்ளிமானும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. மரை வந்து கோவாவைக் கடித்துவிட்டுப் போனாலும் துவக்கைத் தூக்கக்கூடாது, வேலியும் வெளிச்சமும்தான் வழி.

நம் ஆட்கள் பலர் கையில் கிடைத்த 4ஆம் நம்பர் தோட்டாவையே போட்டுச் சுடுகிறார்கள். ஒரு அவுன்ஸில் 170 ஈய ரவை, ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் சொச்சம். பறவைக்கென்று செய்த தோட்டா அது. பன்றியின் தோலில் ஏறும், உயிர்நிலைக்குப் போய்ச் சேராது. கிடாப் பன்றிக்குத் தோள்பக்கம் தடித்த கவசம் மாதிரி ஒரு படலம் வேறு இருக்கிறது. பி.பி. தோட்டா என்றால் அவுன்ஸுக்கு 70 ரவை. கொஞ்சம் பெரிசுதான், ஆனால் கதை அதேதான்.

அடிபட்ட பன்றி தேயிலைக்குள் புகுந்து தண்ணீர் ஓடும் கானில் படுத்துவிடும். விடிந்ததும் அதே மலைக்குத்தான் அக்காமார் கூடையோடு கொழுந்தெடுக்க ஏறுவார்கள். இடுப்பளவு செடிக்கு நடுவில் என்ன படுத்திருக்கிறது என்று பக்கத்தில் போகும்வரை தெரியாது. எங்கள் எல்லைக்கு அடுத்த மலையைப் பார்க்கிற கங்காணி, வெடிச் சத்தம் கேட்ட மறுநாள் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்.

"தம்பி, விழுந்துச்சா, ஓடிருச்சா?"

"விழுந்துருச்சுண்ணே. நீங்க ஆளை ஏத்தலாம்."

இந்தப் பதிலைச் சொல்ல முடிகிற தோட்டாவைத்தான் நான் தேடினேன். எனக்கு அது எஸ்.ஜி. என்கிற பெரிய உருண்டைத் தோட்டா. அவுன்ஸுக்கு 8 உருண்டை, ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல். எலும்பைத் தாண்டி உள்ளே போகும்.

ஆனால் எஸ்.ஜி. என்று வாங்கிவிட்டால் மட்டும் போதாது. உங்கள் துவக்கில் அது எப்படி விரிகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பழைய பேப்பரை ஒட்டிய சாக்கை மண்மேட்டில் சாய்த்து வைத்து, 25 மீட்டரில் ஒன்று, 40 மீட்டரில் ஒன்று சுட்டுப் பாருங்கள். என் துவக்கின் இடது குழல் நெருக்கமாகப் போடும், 25 மீட்டரில் ஒன்றிரண்டைத் தவிர எல்லா ஓட்டையும் பன்றியின் நெஞ்சளவுக்குள் விழும். வலது குழல் அதே தூரத்தில் கொஞ்சம் சிதறும். 40 மீட்டரில் இரண்டு குழலுமே நம்ப முடியாது, நடுவில் ஒரு பன்றியே நிற்கிற அளவு இடைவெளி. அதனால் 30 மீட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற பன்றியை நான் விட்டுவிடுவேன். கிட்ட வரட்டும் என்று காத்திருக்கலாம், காற்று மட்டும் பார்க்க வேண்டும். நம் மலையில் இருட்டினால் குளிர்காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், ஆகவே காவல் குடிலைப் பன்றி வரும் வழிக்குக் கீழே போடுவது நல்லது.

குடில் கீழே என்றால் துவக்கு மேல்நோக்கி இருக்கும். எஸ்.ஜி. உருண்டை அரைக் கிலோமீட்டரைத் தாண்டியும் போகக்கூடியது. பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுடுவது. வானமோ, லயத்து வெளிச்சமோ தெரிந்தால் எவ்வளவு பெரிய கிடாவானாலும் போகட்டும்.

துவக்கு எதற்கு, கம்பிக் கண்ணி போதுமே என்பவர்களும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற ஊரில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் சில நாளில் அது செத்துப்போனது. கண்ணிக்கு ஆள் தெரியாது, மிருகம் தெரியாது. கம்பி தட்டினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கும் அப்படித்தான், அது சட்டவிரோதமும்கூட.

அப்புறம், தோட்டாவின் நீளம். பழைய இங்கிலீஷ் துவக்குகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது வரும் தோட்டாக்களில் நிறைய 70 மில்லிமீட்டர். போட்டுப் பார்த்தால் தடையில்லாமல் உள்ளே போகும், துவக்கும் மூடும், ஆபத்தே அதில்தான். பெட்டியில் போட்டிருப்பது சுட்டு வாய் விரிந்த பிறகு வரும் நீளம். சின்ன அறையில் அந்த வாய் முழுசாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். குழலின் அடியில் அறை நீளம் பொறித்திருக்கும், அதைப் பாருங்கள். பொறிப்பு தேய்ந்திருந்தால் துவக்கு வேலை தெரிந்தவரிடம் அளந்து கேளுங்கள்.

கடைசியாக ஈரம். நம் மூடுபனிக்குக் காகித உறைத் தோட்டா ஊதிப்போய் அறைக்குள் இறங்காது. பிளாஸ்டிக் உறை பரவாயில்லை, ஆனாலும் பித்தளை அடியில் பச்சை பிடிக்கும். மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் போட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கிறேன். பச்சை பிடித்ததைத் தனியே ஒதுக்கிவிடுவேன். விசையை இழுத்தும் டிக் என்று மட்டும் கேட்டால் உடனே திறக்காதீர்கள். சில நேரம் வெடி தாமதித்து வரும். குழலை மண்மேட்டுப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடமாவது பொறுத்து, அதற்குப் பிறகு திறங்கள்.