ஓசூர் ஈ.டி.பி.க்கு (ஆலைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு) எது தேறும்: பெராக்சைடா, பெர்சல்ஃபேட்டா?

உயிரியல் தொட்டி தாண்டியும் சி.ஓ.டி. (கழிவை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 400 மி.கி.யில் நிற்கிறது, வரம்போ 250. தொட்டி 10,000 லிட்டர். 200 குறைக்க வேண்டுமென்றால் 2 கிலோ சி.ஓ.டி.யை எரிக்க வேண்டும்.

காகிதக் கணக்கில் 50% ஹைட்ரஜன் பெராக்சைடு 8.5 கிலோ, தூண்டிவிட ஃபெரஸ் சல்ஃபேட் 2 கிலோ சொச்சம் போதும். அதே வேலைக்கு சோடியம் பெர்சல்ஃபேட் கிட்டத்தட்ட 30 கிலோ பிடிக்கும். விலையை விடுங்கள். பெராக்சைடு தண்ணீராகிப் போய்விடும். பெர்சல்ஃபேட் 24 கிலோ சல்ஃபேட்டை விட்டுவிட்டுப் போகும். அதாவது லிட்டருக்கு 2,400 மி.கி. சல்ஃபேட்டுக்கு வரம்பு 1,000. சி.ஓ.டி.யில் தப்பித்து டி.டி.எஸ்.ஸில் (கரைந்த உப்புகளின் மொத்த அளவில்) மாட்டுவீர்கள்.

ஆனால் பெராக்சைடை ஃபெரஸ் இரும்பால் தூண்டும் இந்த வழிக்கு (ஃபென்டன்) பி.எச். 3 வேண்டும். தண்ணீரின் காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 400 மி.கி. என்றால், அதை அடக்கவே கந்தக அமிலம் 4 கிலோ போய்விடும். பாறை போர்வெல் தண்ணீர் ஓடும் ஆலைகள் இதை முதலில் அளந்துகொள்ளட்டும். பி.எச். 4-ஐத் தாண்டினால் இரும்பு படிந்து, பெராக்சைடு வெறும் ஆக்சிஜனாகக் கொப்பளித்துப் போகும்.

வரிசை: முதலில் அமிலம், பிறகு ஃபெரஸ், கடைசியில் பெராக்சைடு, அதுவும் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக. ஒரே அடியாகக் கொட்டினால் சூடேறி நுரை பொங்கும். மிஞ்சிய பெராக்சைடு, பிறந்த ரேடிக்கலையே (கழிவை எரிக்கும் துடிப்பான துகளையே) தின்னும். ஒரு மணி நேரம் கலக்கி, சுண்ணாம்பால் பி.எச். 8-க்குக் கொண்டுவாருங்கள். சேறு அடியில் படியாமல் குமிழியோடு மேலே மிதக்கிறதா? பெராக்சைடு மீந்திருக்கிறது. அப்படியே லேபுக்கு அனுப்பினால் சி.ஓ.டி. கூடுதலாகத்தான் காட்டும். ஸ்டார்ச் அயோடைடு தாள் நீலமாகிறதா என்று பாருங்கள். ஃபெரிக் இரும்பும் அதே நீலத்தைக் காட்டும் என்பதால் வடிகட்டிய தெளிநீரில் மட்டும்.

பெர்சல்ஃபேட் தேறும் இடம் வேறு: எண்ணெய் கசிந்த மண், நிலத்தடி நீர். பெராக்சைடு அங்கே சீக்கிரமே சிதைந்துவிடும், பெர்சல்ஃபேட் வாரக்கணக்கில் தாங்கும். அதைத் தூண்ட லேத் சுருள் (கடைசல் இயந்திரம் சீவித் தள்ளும் இரும்புச் சுருள்) கைக்கெட்டும் சரக்கு. கட்டிங் ஆயிலைக் கழுவாமல் போட்டால் அதுவே புது சி.ஓ.டி. இரும்பு அதிகமானாலும் சல்ஃபேட் ரேடிக்கலை அதுவே விழுங்கும்.

கோபால்ட்டும் பெராக்சிமோனோசல்ஃபேட்டும் (பெர்சல்ஃபேட்டின் உறவுக்கார உப்பு) சேர்ந்தால் வேகம் அபாரம்தான். கரைந்து வரும் கோபால்ட்டை யார் பிடிப்பது? ஆலைக்கு வேண்டாம்.

தர்மபுரி நிலத்தடி நீரின் ஃப்ளூரைடுக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்காதீர்கள். அதில் எரிக்க ஒன்றுமில்லை.