லத்தா சீன மருந்துக்கடை: எலும்பு முறிவுக்குக் கஷாயம் வாங்கலாமா?

எலும்பு முறிவுக்கு மருந்து கேட்டுப் போனால் கடைக்காரர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். ரங்கூனில் சீனர்கள் அதிகம் இருக்கும் லத்தா பக்கம் நான் போகும் கடையில், அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்றதும் அந்தப் பெரியவர் எக்ஸ்ரே எங்கே, டாக்டர் எலும்பை நேராக்கிவிட்டாரா, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் மர இழுப்பறையைத் திறந்தார். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். இந்தக் கஷாயங்களில் சேரும் தாங் குய் வேர், வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தப்போக்கை அதிகமாக்கலாம்.

முறிந்த புதிதில் வீக்கமும் கட்டிய ரத்தமும் இறங்க வெள்ளைப்போளம், குசும்பாப் பூ. எலும்பு கூடும் சமயத்தில் கூ சுய் பு கிழங்கு, ஸூ துவான் வேர், தூ சோங் பட்டை என்ற சீன மூலிகைகள். இதில் கூ சுய் பு நமக்கு அந்நியமில்லை, கொல்லிமலையில் சூப் வைக்கிற முடவாட்டுக்கால் கிழங்கின் இனம்தான், அதே பழுப்பு ரோமம். சூடான மணலில் வறுத்து ரோமத்தை நீக்கித் தருகிறார்கள். தூ சோங் மரப்பட்டை, பெரியவர் ஒரு துண்டை ஒடித்து மெதுவாக இழுத்துக் காட்டினார், நடுவில் வெள்ளை வெள்ளையாக நூல் நீண்டது. அசல் பட்டைக்கு அதுதான் அடையாளமாம். சுட்டு வினிகரில் தோய்த்த பைரைட் தாதுவும் சேர்ப்பது வழக்கம், நான் வேண்டாம் என்றேன், அவரும் வற்புறுத்தவில்லை.

வீட்டில் அரை மணி நேரம் ஊறவைத்து மண்சட்டியில் காய்ச்ச வேண்டும், இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. கசப்பு நாக்கை விட்டுப் போகவே நேரமாகும். அம்மாவுக்கு எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, ஆனால் கட்டினாலா கஷாயத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எலிகளிடமும் ஆய்வகத்திலும் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களிடம் உறுதியான சான்று இன்னும் குறைவுதான். அதனால் டாக்டர் வைத்தியத்துக்குத் துணையாக மட்டும் வாங்குங்கள், டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒரே குறை, பொட்டலத்தில் பர்மிய மொழியில் ஒரு எழுத்துகூட இல்லை. தேய்க்கத் தரும் தைலப் பாட்டிலும் அப்படியே. இது எனக்குக் கோபம்தான், ஏனென்றால் அடிபட்ட இடத்தில் தேய்க்கிற இந்த மாதிரித் தைலங்கள் சிலவற்றில் வசநாபி சேரும், குடித்தால் உயிருக்கே ஆபத்து, திறந்த புண்ணிலும் படக்கூடாது. வாங்கும்போதே எது குடிக்க, எது தேய்க்க என்று பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்டால் எழுதித் தருகிறார்கள்.