மிதவையைத் தணிப்பதா, பிடித்து விடுவதா, தள்ளுவதா?

கடலில் ஏறி இறங்கும் மிதவையிலிருந்து மின்சாரம் எடுக்க மூன்று கட்டுப்பாட்டு முறைகள் போட்டியிடுகின்றன. வேகத்துக்கேற்ற எதிர்விசை தருவது தணிப்பு. மிதவையைப் பிடித்துவைத்து நேரம் பார்த்து விடுவது லாச்சிங். ஜெனரேட்டரையே மோட்டாராக்கித் தள்ளுவது ரியாக்டிவ் முறை. நான் தணிப்பின் பக்கம்.

காகிதத்தில் ரியாக்டிவ்தான் முதலிடம். அலைவிசையும் மிதவையின் வேகமும் ஒரே கணத்தில் உச்சம் தொட்டால்தான் ஆற்றல் முழுதாகக் கிடைக்கும். அதை இது சாதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு அலையிலும் ஆற்றல் இரு திசையிலும் ஓடுகிறது. கணக்கு உதைப்பது அங்கேதான். மிதவை 100 கிலோஜூல் தந்து 70 கிலோஜூலைத் திரும்பக் கேட்கிறது என்று வையுங்கள். இழப்பே இல்லாவிட்டால் மிச்சம் 30. திசைக்கு 90 சதவீதச் செயல்திறன் என்றால் வரவு 90, செலவு 77.8, கையில் நிற்பது 12.2. செயல்திறன் 80 சதவீதமானால் வரவு 80, செலவு 87.5. அலை வந்தும் 7.5 நட்டம்! மிதவையின் அசைவை எண்ணெய் அழுத்தமாக்கி ஜெனரேட்டரை ஓட்டும் ஹைட்ராலிக் அமைப்பு முழுத் திறனுக்குக் குறைவாக ஓடும்போது அந்த 80 எட்டுவதே பெரும்பாடு. போதாக்குறைக்கு மிதவையின் வீச்சு பெருகி, அதன் ஓட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள தடுப்புகளில் மோதும்.

நார்வே இயற்பியலாளர்கள் புடாலும் ஃபால்னஸும் வளர்த்தெடுத்த லாச்சிங்கில் இந்தத் திரும்பும் ஆற்றல் இல்லை. மிதவை தானாக ஒருமுறை ஏறி இறங்கும் இயல்பு அலைவுநேரம் 4 வினாடி, அலையின் அலைவுநேரம் 9 வினாடி என்றால், வேகம் சுழியாகும் இடத்தில் சுமார் 2.5 வினாடி பிடித்து, விசை உச்சத்துக்கு 1 வினாடி முன்னால் விட வேண்டும். எனவே அலையை முன்கூட்டியே கணிக்க வேண்டும். தேய்மானமும் உண்டு: அலைக்கு இரண்டு முறை என்றால் நாளைக்கு 19,200 தடவை, ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம். எந்த பிரேக், எந்த வால்வு அதைத் தாங்கும்? அலைத்தொட்டியில் கிடைத்த ஆதாயம் ஒழுங்கற்ற கடலில் அப்படியே வரும் என்றும் நம்ப வேண்டாம்.

தணிப்பில் எதிர்விசைக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதமே கெழு. அதை மாற்றினால் கிடைக்கும் ஆற்றலின் உச்சம் கூர்மையாக இல்லாமல் மொட்டையாக இருக்கும். கெழு சரியான அளவைவிட ஒன்றரை மடங்கானாலும் இழப்பு 8 சதவீதத்துக்குள்தான். பாதியாகக் குறைந்தால் 20 வரை போகலாம். சந்தேகமிருந்தால் கூட்டியே வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அலை உயரமும் அலைவுநேரமும் கணக்கிட்டு, அட்டவணையிலிருந்து புதிய கெழுவை எடுத்தால் போதும். கடல் கொந்தளிக்கும்போது ஜெனரேட்டரின் விசை வரம்பைத் தொட்டதும் தணிப்பு வளராது, வேகம் எகிறும். அதற்கு முன்பே தனி பிரேக் இறங்க வேண்டும்.

மிதவையோடு நேராக ஏறி இறங்கும் லீனியர் ஜெனரேட்டரும் இரு திசையிலும் 90க்கு மேல் செயல்திறனும் இருந்தால் மட்டும், ரியாக்டிவ் பாணியில் கொஞ்சம் எதிர்மறை ஸ்பிரிங் விசை (மிதவையை நடுநிலையிலிருந்து விலகும் பக்கமே தள்ளும் விசை) சேர்த்துப் பார்க்கலாம். மிதவை உறிஞ்சிய ஆற்றலைப் பார்க்காதீர்கள். கரைக்கு வரும் கேபிளின் மீட்டரைப் பாருங்கள்.