கடையில் பூட்டித் தரும் பேக்பிளேட்-விங் செட்: பணம் கட்டுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள்

"எல்லாம் பூட்டி ரெடியா இருக்கு, சிலிண்டரை மாட்டிக் குதிக்க வேண்டியதுதான்" என்று சொல்லி ஒரு கடையில் விற்ற ஸ்கூபா டைவிங் சிங்கிள் டேங்க் செட்டைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. பேக்பிளேட் என்பது முதுகில் சிலிண்டரைத் தாங்கும் உலோகத் தகடு, விங் என்பது மிதப்பதற்குக் காற்று நிரப்பும் பை. பணம் திரும்பவில்லை. வெப்பிங்கை (உடலோடு கட்டும் பட்டையை) வெட்டியாகிவிட்டது, அதனால் திரும்ப எடுக்க மாட்டோம் என்பது கடைக்காரர் பதில். வெட்டியதே அவர்கள்தான்.

முதலில் பிளேட். பில்லில் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 3 மி.மீ. என்று இருக்கிறது. அந்தக் கனத்தில் முழு அளவு பிளேட் ஏறக்குறைய 2.7 கிலோ நிற்கும். தராசில் வைத்தால் 1.8 கிலோதான், தகடு 2 மி.மீ. இந்தத் தொள்ளாயிரம் கிராமைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு வரும்போது சுமார் 2 கிலோ காற்று தீர்ந்திருக்கும், சிலிண்டர் அந்த அளவு லேசாகிவிடும். பிளேட்டின் எடையை நம்பி, மூழ்குவதற்குக் கட்டும் ஈயத்தைக் குறைத்தவர், மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்து நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே இழுபடுவார். கடைக்காரர் காந்தம் வைத்து "ஒட்டவில்லை பாருங்கள்" என்று காட்டுவது எதற்கும் சான்றில்லை. மாலிப்டினம் சேராத 304 ரக ஸ்டீலிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 316-ல் 2-3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, கடல்நீரில் அதுதான் காப்பாற்றுகிறது. அதைக் கண்டுபிடிக்க மாலிப்டினம் சொட்டுச் சோதனை செய்ய வேண்டும்.

போல்ட் ஓட்டைகள் மையத்துக்கு மையம் 11 அங்குலம், அதாவது 279 மி.மீ. இருக்க வேண்டும். இந்தப் பிளேட்டில் அளவு தவறியிருக்கிறது. கீழ் ஓட்டையை அரத்தால் ராவி நீட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். போல்ட்டும் குட்டை. விங் நட் இரண்டு மரையைத்தான் பிடித்திருந்தது. போல்ட் நட்டைத் தாண்டி இரண்டு மூன்று மரையாவது வெளியே தெரிய வேண்டும், அதே சமயம் பிளேட்டின் நடுப்பள்ளத்துக்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் முதுகில் குத்தும்.

பெரிய மோசடி விங்கில். ஒற்றை சிலிண்டருக்கு 13 முதல் 16 கிலோ தூக்குத்திறன் தாராளம். இதில் மாட்டியிருந்தது 27 கிலோ விங், இரட்டை சிலிண்டருக்கானது. விற்காமல் கிடந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவ்வளவு அகலமான பை ஒற்றை சிலிண்டரின் இரு பக்கமும் மடிந்து மேலேறும். மடிப்புக்குள் காற்று சிக்கும். மேலே வரும்போது இன்ஃப்ளேட்டரை (விங்கில் காற்றை ஏற்றி இறக்கும் குழாய்) தூக்கிப் பிடித்தாலும், கீழே உள்ள டம்ப் வால்வின் (காற்றை வெளியேற்றும் வால்வு) கயிற்றை இழுத்தாலும் அந்தக் காற்று வெளியேறாது, விரிந்துகொண்டே போகும். கட்டுப்பாடில்லாத ஏற்றம் இப்படித்தான் தொடங்குகிறது.

விங்கை வாங்கும் இடத்திலேயே சோதிக்கலாம். டம்ப் வால்வு தானாகத் திறந்து சீறும்வரை நிரப்புங்கள். சீறியபின் அது மூடிக்கொள்ள வேண்டும். இரவு முழுக்க விட்டுக் காலையில் பார்த்தாலும் பை விறைப்பாகவே இருக்க வேண்டும். மாட்டும்போது இன்ஃப்ளேட்டரின் நெளிகுழாய் இடது தோள் மேல் வர வேண்டும், டம்ப் வால்வு இடது பக்கம் கீழே.

ஹார்னஸ் ஒரே துண்டாக 5 செ.மீ. அகல வெப்பிங், சுமார் 3.6 மீட்டர். அதை வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். இவர்கள் முன்கூட்டியே வெட்டியதில் பக்கிளைத் தாண்டி நான்கு விரல்தான் மிச்சம், 5 மி.மீ. கனமுள்ள டைவிங் சூட் போட்டால் அதுவும் போதாது. ஒரு சாண் வாலாவது வேண்டும். முனையை நெருப்பில் காட்டி உருக்கவும் இல்லை, நூல் பிரிகிறது. கால்களுக்கு இடையே வரும் பட்டையான கிராட்ச் ஸ்ட்ராப்பே கிடையாது. அது இல்லாவிட்டால் மேற்பரப்பில் விங்கை நிரப்பியதும் பிளேட் கழுத்துக்கு ஏறிவிடும்.

அளவு பார்ப்பது சூட் போட்ட பிறகுதான். கையைத் தோளுக்குப் பின்னே மடக்கினால் பிளேட்டின் மேல் விளிம்பு விரல் நுனிக்குத் தட்டுப்பட வேண்டும். தோள் மேல் வரும் வெப்பிங்குக்கு அடியில் உள்ளங்கை தடையின்றி நுழைய வேண்டும். இறுக்கமாகப் பிடிக்கிற வேலை இடுப்புப் பட்டைக்கும் கிராட்ச் ஸ்ட்ராப்புக்கும்தான். தோள் டி-ரிங்கை (சாதனங்களை மாட்டும் D வடிவ வளையம்) எதிர்க்கையின் கட்டைவிரல் சிரமமில்லாமல் எட்ட வேண்டும். இடது இடுப்பு டி-ரிங் இடுப்பெலும்புக்கு நேராக அல்லது சற்றுப் பின்னால். டி-ரிங்கை இடத்தில் நிறுத்தும் ஸ்டாப்பர் வெப்பிங்கில் சுலபமாக வழுக்கினால் வெப்பிங் மெல்லிசு. தண்ணீரில் டி-ரிங் இடம் மாறும்.

சிலிண்டரைப் பிளேட்டோடு பிடிக்கும் பட்டையான கேம் பேண்டை நனைத்த பிறகே இறுக்குங்கள். நைலான் ஈரத்தில் தளரும், காய்ந்தபோது கச்சிதமாக இருந்த பட்டையிலிருந்து சிலிண்டர் நழுவும். இறுக்கியபின் பிளேட்டின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் குலுக்கினால் சிலிண்டர் அசையக் கூடாது.

பில்லில் தகட்டின் கனம், ஸ்டீல் ரகம், விங்கின் தூக்குத்திறன் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தராசு, அளவு டேப்போடு படம் எடுத்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.