விமானிப் பயிற்சிக்குப் பணம் போடுமுன்: உள்நாடா, வெளிநாடா, கேடட் திட்டமா?

எங்கள் மகள் வணிக விமானி உரிமம் பெற்று, அதன்பின் சில காலம் காத்திருந்து, இப்போது ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாகப் பறக்கிறாள். அவளுடைய பயிற்சிக்கு எந்த வழியில் பணம் போடுவது என்று முடிவெடுக்க நாங்கள் திரட்டிய விவரங்களைக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள உறவினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் அவற்றை எழுதி வைக்கிறேன். வழிகள் மூன்று. இந்தியாவில் உள்ள பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்து உரிமம் பெற்றுப் பின்னர் வேலை தேடுவது ஒன்று. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பறந்து, அங்கே பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றிக்கொள்வது இன்னொன்று. விமான நிறுவனங்களே பயிற்சி நிலையங்களுடன் சேர்ந்து நடத்தும் கேடட் திட்டத்தில் சேர்வது மூன்றாவது. நாங்கள் தேர்ந்தது முதல் வழி. என் சாய்வும் அதன் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லா வழிக்கும் பொதுவான தகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும்; உரிமம் பெறும்போது 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். இரண்டு காரியங்களை மட்டும், எந்த நிலையத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். ஒன்று மருத்துவப் பரிசோதனை. வகுப்பு 2 சான்று பெற்றுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம் என்றாலும், வணிக உரிமத்துக்குத் தேவையான வகுப்பு 1 பரிசோதனையைப் பெங்களூரில் உள்ள விமானப் படையின் வானூர்தி மருத்துவ நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. நிறக்குருடு போன்ற ஒரு குறை பாதிப் பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. மற்றொன்று எழுத்துத் தேர்வுகள். வழிகாண் இயல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகியவற்றில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் 70 விழுக்காடு பெற வேண்டும். பறக்கத் தொடங்குவதற்கு முன்பே சென்னையில் தங்கிப் படித்து இவற்றை எழுதிவிடலாம். மொத்தச் செலவில் இது சிறு பங்குதான். பிள்ளைக்கு இந்தத் துறையில் உண்மையான பிடிப்பு இருக்கிறதா என்பதும் இந்த மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

வெளிநாட்டு வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மைத்துனர் மகன் அமெரிக்காவில் பயின்றதைக் கூட இருந்து பார்த்ததும், அவனிடம் கேட்டறிந்ததுமே. அங்கே விமானங்கள் அதிகம், நல்ல வானிலை உள்ள மாநிலங்களில் ஆண்டு முழுவதும் பறக்கலாம், நெரிசல் மிகுந்த விமான நிலையங்களில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசிப் பழகலாம். இங்கே ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு இழுக்கும் பயிற்சி அங்கே ஓராண்டுக்குள் முடிந்துவிடக் கூடும். ஆனால் திரும்பி வந்த பிறகு உரிமத்தை மாற்றும் வேலை இருக்கிறது. இந்திய எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும், அந்த நாட்டு அமைப்பு உரிமத்தைச் சரிபார்த்து எழுத வேண்டும், இங்குள்ள விமானத்தில் திறன் தேர்வு கொடுக்க வேண்டும், மணிக்கணக்கு இந்திய விதியோடு பொருந்த வேண்டும். ஏதேனும் ஒரு பிரிவில் மணி நேரம் குறைந்திருந்தால் இங்கே மீண்டும் பறந்து நிரப்ப வேண்டும். நாணய மாற்றும் ஒரு சுமையே. ஐம்பத்தைந்தாயிரம் டாலர் கட்டணத்தைத் தவணைகளில் கட்டும் குடும்பத்துக்கு, இடையில் டாலர் ஐந்து ரூபாய் உயர்ந்தால், மீதமுள்ள தவணைகளைப் பொறுத்து, இரண்டே முக்கால் லட்சம் வரை கூடிவிடும்.

கேடட் திட்டம் பெற்றோர் மனத்தை மிகவும் கவர்வது. நிறுவனமே தேர்வு வைத்து எடுக்கிறது, பயிற்சி நிலையத்தையும் அதுவே காட்டுகிறது, முடிவில் அந்த நிறுவனம் ஓட்டும் விமான வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதியாகிய டைப் ரேட்டிங்கும் அதிலேயே அடங்கிவிடுகிறது. மொத்தச் செலவு ஒரு கோடியை ஒட்டியோ அதற்கு மேலோ போகிறது. இதை ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும்: உள்நாட்டு வழியில் உரிமத்துக்கு ஆகும் சுமார் ஐம்பது லட்சத்தை மட்டும் எதிரே வைத்துப் பார்ப்பது சரியாகாது, பின்னர் தனியாகச் செய்ய வேண்டி வரும் டைப் ரேட்டிங் செலவையும் கூட்டி, அறுபத்தைந்து லட்சம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தாலும் முப்பத்தைந்து லட்சம் மிகுதி. அந்த மிகுதிக்கு நாம் பெறுவது வேலைக்கான வரிசையில் முன்னால் ஓர் இடம். நான் படித்துப் பார்த்த விண்ணப்ப ஆவணங்களில், வேலை உறுதி என்பது நிறுவனத்தின் தேவையையும் பயிற்சி முழுவதும் தேர்ச்சி பெறுவதையும் பொறுத்தது என்ற நிபந்தனை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது உலகெங்கும் கேடட்களும் மற்றவர்களைப் போலவே காத்திருந்தார்கள். அதற்காக இந்தத் திட்டங்களைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. அவற்றின் பயிற்சி ஒழுங்கு நன்றாக இருக்கிறது என்று அதில் பயின்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

உள்நாட்டு நிலையங்களில் உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசு நடத்தும் இந்திரா காந்தி நிலையமும், மகாராஷ்டிரத்தின் கோந்தியாவில் உள்ள நிலையமும் பலரும் அறிந்தவை. நமக்கு அருகே சேலம் விமான நிலையத்திலும் இப்போது பயிற்சி நடக்கிறது. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று நெடுங்காலமாகப் பயனின்றிக் கிடக்கிறது. அதில் பயிற்சி விமானம் எழும்பும் நாளைக் காண எனக்கு மிகுந்த ஆசை உண்டு. ஆனால் முடிவெடுக்கும்போது தூரத்தைப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது, நிலையத்தில் இன்றைய தேதியில் பறக்கும் நிலையில் உள்ள விமானங்கள் எத்தனை, மாணவர்கள் எத்தனை பேர், கடந்த ஆண்டு அங்கே மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள் என்பவையே. சேர்க்கை அலுவலகத்தில் சொல்லும் எண்ணிக்கையில் பழுதுபார்ப்பில் நிற்கும் விமானங்களும் சேர்ந்திருக்கும். எங்கள் மகள் பயின்ற இடத்தில் இரட்டை எஞ்சின் விமானம் உதிரிபாகத்துக்காக நின்றுவிட, அதற்கான மணி நேரத்தை முடிக்க அவள் பல வாரம் காத்திருக்க நேர்ந்தது. வடக்கே குளிர்காலப் பனிமூட்டமும் நாட்களைத் தின்றது. 2025 அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சி நிலையங்களைத் தரவரிசைப்படுத்தியபோது மேலுள்ள இரண்டு நிலைகளில் ஒரு நிலையம்கூட இடம்பெறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இத்தனை குறைகள் இருந்தும் நாங்கள் உள்நாட்டு வழியையே தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: உரிமம் கைக்கு வந்த நாளுக்கும் முதல் சம்பளம் வரும் நாளுக்கும் இடையில் உள்ள காலத்தை எந்த வழி தாங்க விடும் என்பது. பெரும்பாலான குடும்பங்கள் பயிற்சிக் கட்டணத்தைக் கணக்கிடுகின்றன; இந்த இடைக்காலத்துக்குக் கணக்கு எழுதுவதில்லை. இந்தக் காலத்தில் உரிமம் சும்மா கிடக்காது, அதைப் பராமரித்தாக வேண்டும். வகுப்பு 1 மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஓராண்டுக்கே செல்லும். அதைப் புதுப்பிக்க மீண்டும் ஒரு சோதனைப் பறப்பு வேண்டும், அதற்கு முன் கை பழகச் சில மணி நேரப் பயிற்சியும் வேண்டும், இரட்டை எஞ்சின் விமானத்தின் மணிக் கட்டணம் சிறிய விமானத்தைவிட மிக அதிகம். நிறுவனங்கள் வைக்கும் எழுத்துத் தேர்வுக்கும் சிமுலேட்டர் தேர்வுக்கும் தயாராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று காலாவதியாகி இருக்கும் நேரத்தில் ஆட்சேர்ப்பு அறிவிப்பு வந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இதோடு வட்டி. பதினொரு விழுக்காடு வட்டியில் ஐம்பது லட்சம் கடன் என்றால் ஓராண்டுக் காத்திருப்பின் விலை ஐந்தரை லட்சம். ஒரு கோடி என்றால் பதினொரு லட்சம். பத்தாண்டுத் தவணையாகக் கட்டினால் ஐம்பது லட்சத்துக்கு மாதம் சுமார் 69,000 ரூபாய் வரும், ஒரு கோடிக்கு ஒரு லட்சத்து 38 ஆயிரம். முதல் மாதங்களில் பயிற்சி ஊதியம் மட்டுமே பெறும் இளம் துணை விமானி முன்னதைப் பெற்றோர் துணையோடு சமாளிக்கலாம். பின்னது குடும்பத்தையே நெரிக்கும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போன நம் முன்னோர், முதல் எப்போது திரும்பும் என்பதை எழுதிய பிறகே முதலைக் கொடுத்தார்கள். அந்தப் பார்வையே இங்கும் வேண்டும்.

கடன் வாங்குவதிலும் நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் செட்டிநாட்டு வீடு பெரிய சொத்தாகத் தெரியும். ஆனால் பங்காளிகள் பலருக்கும் பங்குள்ள, பாகம் பிரிக்கப்படாத வளவு வீட்டில் நமக்குள்ள பங்கை எந்த வங்கியும் எளிதில் ஈடாக ஏற்பதில்லை. நாங்கள் மதுரையில் இருந்த ஒரு மனையை ஈடு வைத்து, தேவையில் பாதிக்கும் குறைவாகவே கடன் எடுத்தோம். மீதியைக் கையிருப்பிலிருந்து, பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டினோம். உள்நாட்டு வழியின் பெரிய பலம் இதுவே. முழுத் தொகையையும் முன்னதாகக் கேட்கும் நிலையத்துக்கு நாங்கள் போகவில்லை. டைப் ரேட்டிங்குக்கான தொகையை நிலையான வைப்பில் போட்டுத் தொடாமல் வைத்தோம். "அப்பச்சி, உரிமம் வந்ததும் டைப் ரேட்டிங்கை முடித்துவிட்டால் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்களே" என்று மகள் கேட்டாள். ஏர்பஸ் 320க்குச் செய்த டைப் ரேட்டிங் போயிங் 737 ஓட்டும் நிறுவனத்துக்குப் பயன்படாது, செய்த பின் பறக்காமல் விட்டால் அதற்கும் புதுப்பிப்புச் செலவு உண்டு என்பதால், எந்த நிறுவனம் அழைக்கிறது என்று தெரியும் வரை பொறுப்பது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம். காத்திருந்த காலத்தில் அவள் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் வானிலைப் பாடம் நடத்தினாள். வருமானம் சிறியது, ஆனால் பாடம் மறக்கவில்லை.

வேலை வாய்ப்பைப் பற்றிச் சொல்லப்படும் எண்களையும் இந்தக் காத்திருப்போடு சேர்த்தே படிக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும், 2024 ஜனவரியில் ஆகாசா 150 விமானங்களுக்கும் ஆணை கொடுத்திருப்பதாக அறிவித்தன. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டதால் அதே எண்ணிக்கைப் பறப்புகளுக்கு இன்னும் அதிக விமானிகள் தேவைப்படுகிறார்கள். இவை உண்மையான நம்பிக்கைகள். ஆனால் ஆணை கொடுத்த விமானங்கள் பல ஆண்டுகளில் பரவியே வந்துசேரும்; வந்த விமானங்களும் எஞ்சின் கோளாறால் நிற்கக்கூடும். நிறுவனங்கள் முதலில் தேடுவது அனுபவமுள்ள கேப்டன்களை; 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 வணிக உரிமங்களை வழங்கியது, புதியவர்கள் அத்தனை பேரும் அதே கதவைத் தட்டுகிறார்கள். 2012இல் கிங்ஃபிஷரும், 2019இல் ஜெட் ஏர்வேஸும், 2023இல் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது பறப்பு அனுபவமுள்ள பலர் ஒரே நேரத்தில் வேலை தேடி வர, புதியவர்களின் வரிசை பின்னால் தள்ளப்பட்டது. காரைக்குடியில் கல்வி நிலையங்களை நிறுவிய அழகப்பச் செட்டியார் இங்கிலாந்தில் விமானம் ஓட்டக் கற்றவர், ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தியவர். அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்பதால் ஒன்று சேர்க்கிறேன்: இந்தியாவில் விமானிகளில் பெண்களின் பங்கு உலகச் சராசரியைப் போல் இரு மடங்குக்கும் மேல், எங்கள் மகள் ஆட்சேர்ப்பில் எந்த வேறுபாட்டையும் சந்திக்கவில்லை. மற்றவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

எல்லாருக்கும் எங்கள் வழியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கடன் வாங்காமல் ஒரு கோடியைப் போட்டு, மூன்று ஆண்டு வரை அது திரும்பாவிட்டாலும் தாங்கக்கூடிய வீட்டுக்குக் கேடட் திட்டம் நல்ல தேர்வே. அவர்கள் ஒப்பந்தத்தில் வேலை கிடைக்காவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் திரும்பும் என்ற பத்தியை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் சேரலாம். அமெரிக்காவில் தங்க வைக்க அம்மான் வீடோ அயித்தை வீடோ இருப்பவர்களுக்கு அங்கே தங்கும் செலவு மிச்சமாகும். அவர்கள் இந்திய எழுத்துத் தேர்வுகளை முடித்துக்கொண்டு, இந்திய விதியின் மணிக்கணக்கை அச்செடுத்துக் கையில் கொண்டுபோய், ஒவ்வொரு பிரிவும் நிரம்புகிறதா என்று பறப்பேட்டில் மாதந்தோறும் சரிபார்த்து வர வேண்டும்.