பிரேக் ஆயில் மாற்ற: பெடலா, வேக்குவமா, பிரஷர் பம்பா?

பிரேக் ஆயிலை ஏன் மாற்ற வேண்டும் என்பதை நாலு வரியில் முடித்துவிடுகிறேன். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சரக்கு. புதிய டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரவகை) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரிக்குத்தான் உத்தரவாதம். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவி கிளம்பினால், பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். எந்த ஆயில் என்பது பெரும்பாலும் காரில் பிரேக் ஆயில் நிற்கும் டப்பாவின் மூடியிலேயே அச்சடித்திருக்கும். டாட் 5 என்றிருப்பது சிலிக்கான். அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

சரி, பழையதை வெளியே தள்ளுவது எப்படி? வீட்டில் செய்ய மூன்று வழி உண்டு: ஆளை உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்வது, நிப்பிளில் (ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலை வெளியே விட இருக்கும் சின்னத் திருகு) வேக்குவம் பம்ப் மாட்டி உறிஞ்சுவது, மேலே டப்பாவில் பிரஷர் பம்ப் மாட்டித் தள்ளுவது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டு நான் பிரஷர் பம்பில் வந்து நின்றிருக்கிறேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை.

பெடல் முறைக்குச் செலவே கிடையாது. ஒரு தெளிவான டியூப், ஒரு பாட்டில், நிப்பிளுக்குச் சரியான ரிங் ஸ்பேனர், உள்ளே உட்கார ஓர் ஆள். "மிதி", "பிடி", நிப்பிளைத் திற, மூடு, "விடு". இந்த வரிசை தப்பி, நிப்பிள் திறந்திருக்கும்போதே அவர் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். பொறுமையான ஆள் கிடைத்தால் இது பெரிய சிக்கல் இல்லை. எனக்குப் பிடிக்காத விஷயம் வேறு. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளும் உருளை) பிஸ்டன் முழுத் தூரமும் போவதே இல்லை. போகாத அந்தப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். நிப்பிளைத் திறந்து பெடலைத் தரைவரை மிதிக்கும்போது ரப்பர் சீல் அதன் மேல் உரசிப் போகிறது. பழைய காரில் ஆயில் மாற்றிய கையோடு மாஸ்டர் சிலிண்டர் கசியத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து, பாதி தூரத்துக்கு மேல் போகாமல் மிதித்தால் பயமில்லை.

வேக்குவம் பம்ப் தனியாளுக்கு வசதி. சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கையால் அடித்தால் ஆயில் பாட்டிலுக்குள் வரும், வேகமாகவும் வரும். ஆனால் நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரையைச் சுற்றி இடைவெளி விழுகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுவது போல, பம்ப் அந்த வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும். டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும். அது லைனுக்குள் இருந்து வருகிறதா, மரை வழியாக வருகிறதா?

என் தேர்வைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது வேலை முடிந்ததா என்று சொல்ல நம்மிடம் இருக்கும் முக்கியமான சாட்சி அந்த டியூப். அதில் தெரிவதை நம்ப முடியாவிட்டால், எப்போது நிறுத்துவது என்றே தெரியாது. குமிழி நிற்கட்டும் என்று அடித்துக்கொண்டே இருப்போம். அதற்குள் மேலே டப்பா காலியாகி நிஜமாகவே காற்று உள்ளே இறங்கிவிடும். மரையைச் சுற்றி கெட்டியான கிரீஸ் பூசினால் குமிழி குறையும். முழுக்க நின்று நான் பார்த்ததில்லை.

பிரஷர் பம்பில் இந்தக் குழப்பம் இல்லை. அழுத்தம் மேலிருந்து வருவதால் லைன் முழுக்க வெளிக்காற்றைவிட அழுத்தம் கூடுதலாகவே இருக்கும். மரையில் இடைவெளி இருந்தாலும் ஆயில் வெளியே கசியுமே தவிர, காற்று உள்ளே போகாது. ஆக, டியூபில் ஒரு குமிழி வந்தால் அது லைனில் இருந்த குமிழிதான். பழுப்பு நிற ஆயில் வந்து, நடுவில் கொஞ்சம் கலங்கி, அப்புறம் வெளிர் மஞ்சளாக ஒரே சீராக ஓடும். அந்த இடத்தில் மூடிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போகலாம். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் இருக்கும் சக்கரம் முதலில். ஆனால் வரிசை காருக்குக் கார் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

அழுத்தம் 1 பார் போதும். பிரேக் மிதிக்கும்போது லைனில் எழுவது பல பத்து பார் என்பதால் சீல்களுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பிளாஸ்டிக் டப்பா அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல, அதனால் பம்ப் அடிக்கிற உற்சாகத்தில் மேலே போக வேண்டாம்.

இதன் பலவீனம் மூடிதான். திருகு மூடி உள்ள கார்களுக்கு அளவான அடாப்டர் கிடைத்தால் கச்சிதமாக உட்காரும். தட்டையான தகட்டைச் சங்கிலி போட்டு இறுக்கும் பொது அடாப்டர் அப்படி இல்லை; ஓரத்தில் கசிந்தால் ஆயில் பெயின்ட் மேல் தெறித்து அதை உரித்துவிடும். அதனால் முதலில் ஆயில் ஊற்றாமல் வெறும் காற்றை அடித்து, மீட்டர் முள்ளைச் சில நிமிடம் கவனியுங்கள். முள் இறங்கினால் அடாப்டர் சரியாக உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சிந்தினால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். மூடியைத் திறக்கும் முன் அழுத்தத்தை இறக்கவும் மறக்கக் கூடாது.

பம்பின் தொட்டியில் ஆயில் ஊற்றாமல், காற்றை மட்டும் அடித்து டப்பாவில் இருப்பதைத் தள்ளுகிறவர்களும் உண்டு. பிறகு பம்பைக் கழுவும் வேலை மிச்சம்தான். ஆனால் டப்பா சிறியது. கவனம் சிதறி அது காலியானால், அதே அழுத்தத்தில் காற்று நேராக ஏபிஎஸ் யூனிட்டுக்குள் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பகுதி) போய்விடும். அதை எடுக்கப் பல கார்களில் காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் வேண்டும். நான் தொட்டியில் ஒரு லிட்டர் ஊற்றித்தான் செய்கிறேன். தொட்டியில் மிஞ்சுவதைத் திரும்ப எடுத்துவைப்பதில்லை, வீண்தான்.

நிப்பிளைத் திறந்துவிட்டுச் சும்மா சொட்ட விடுவதும் ஒரு வழிதான். அதிலும் காற்று உள்ளே வராது, ஆனால் அரை நாள் போய்விடும். சில கார்களில் பின் சக்கரத்துக்கு ஒழுங்காக இறங்குவதே இல்லை.

எந்த முறையானாலும், தொடங்கும் முன் டப்பாவில் இருக்கும் பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை நிரப்புங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். காலிப்பர் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) மாற்றி லைன் முழுக்கக் காய்ந்து கிடந்தால் மட்டும் வேக்குவத்துக்கு என் ஓட்டு. முதல் ஆயிலை இழுத்துக் கொண்டுவர அது சுருக்கமான வழி. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் நான் கை வைத்ததில்லை. அவற்றில் பலவற்றுக்குக் கம்ப்யூட்டர் வழியாகப் பிரேக் அமைப்பைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால், அந்த வேலையை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுவேன்.