மேட்டுலேருந்து காவிரிக்கு இறங்க எந்த மேப்: டோபோஷீட்டா, போன் மேப்பா?

பெங்களூரே கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கற மேட்டு நிலம்தான், ஆனா சிட்டிக்குள்ள இருக்கறவரைக்கும் அது உறைக்காது, கனகபுரா தாண்டி சங்கமா பக்கம் போனாத்தான் மேடு முடிஞ்சு நிலம் காவிரிக்கு சரியறது கண்ணுக்குத் தெரியும். அந்த ஏரியாவுக்கு சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 டோபோஷீட்டையும் (மேடு பள்ளம் காட்டற அரசாங்க மேப்), போன்ல ஓப்பன்டோபோமேப்ங்கற மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நானும் மச்சானும் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உட்கார்ந்தோம்.

என் ஓட்டு டோபோஷீட்டுக்குத்தான். ரெண்டு சென்டிமீட்டர்னா ஒரு கிலோமீட்டர், ஒரே உயரத்துல இருக்கற இடங்களை இணைக்கற பழுப்புக் கோடு (கான்டூர்) ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 20 மீட்டர் உயர வித்தியாசம். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள்ள அஞ்சு கோடு நெருங்கி வந்தா அரை கிலோமீட்டர்ல 100 மீட்டர் இறங்கணும்னு அர்த்தம், நகத்தாலயே எண்ணிப் பார்த்துடலாம், முழங்கால் வலி இருக்கறவங்க அங்கேயே வேற வழி தேடிக்கலாம். ஓடைல வருஷம் பூரா தண்ணி இருந்தா நீலம், காஞ்சு கிடந்தா கருப்பு. கரை பக்கத்துல ஒரு எண்ணும் கூடவே ஆர்-ங்கற எழுத்தும் இருந்தா அந்த இடம் சுத்துப்பட்டுலேருந்து அத்தனை மீட்டர் மேடு இல்ல பள்ளம்னு புரிஞ்சுக்கணும். நடந்து போறவனுக்கு இதைவிட என்ன வேணும் சொல்லுங்க!

போன் மேப்ல இருக்கற உயரம் பெரும்பாலும் 2000 பிப்ரவரில எண்டெவர் விண்கலம் 11 நாள் சுத்தி ரேடார்ல எடுத்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி, அதனால மேகதாட்டு மாதிரி பாறை நடுவுல ஆறு ஒடுங்கற இடமெல்லாம் சராசரில கரைஞ்சு போயிடும், அடர்த்தியான காட்டுல தரைக்குப் பதிலா மரத்தோட உயரமும் கொஞ்சம் கலந்துடும். பாதையும் யாராவது நடந்து சேர்த்திருந்தாத்தான் இருக்கும்.

ஆனா நாம எங்க நிக்கறோம்னு புள்ளி வச்சு காட்டறது அதுதான், அதை விட முடியாது. புது ரோடும் அதுலதான் கிடைக்கும், ஷீட்ல ஓரத்துல போட்டிருக்கற சர்வே வருஷத்தைப் பார்த்துட்டுத்தான் ரோட்டை நம்பணும்.

ஷீட் பிடிஎஃப் சர்வே ஆஃப் இந்தியா சைட்லயே கிடைக்குது, அளவைச் சுருக்காம கலர் பிரிண்ட் போட்டுக்கோங்க, கருப்பு வெள்ளைல எடுத்தா ஓடையும் கான்டூரும் ஒண்ணாயிடும். அப்புறம் அங்க நிறைய இடம் காவிரி வனவிலங்கு சரணாலயம், யானை நடமாடற காடு, ஃபாரஸ்ட்ல கேக்காம இறங்காதீங்க.